சுவிட்சர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கெமைண்டேயிலிருந்து தொடங்குங்கள்

சுவிட்சர்லாந்துக்கு வந்து இறங்குபவர்கள் பெர்னில் இருக்கும் மத்திய அரசைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். விசா கொடுத்தது அதுதானே. ஆனால் இனி வரும் ஆண்டுகளில் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் குடியிருக்கும் ஊரின் நிர்வாகம். ஜெர்மன் பேசும் பகுதியில் அதைக் கெமைண்டே என்பார்கள், பிரெஞ்சுப் பகுதியில் கொம்யூன். நாட்டில் 26 மாநிலங்கள், அவற்றுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கெமைண்டேக்கள். வரி எவ்வளவு, குப்பையை எந்தப் பையில் போடுவது, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், பல ஆண்டுகள் கழித்து உங்களுக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என எல்லாவற்றிலும் அதன் கை இருக்கும்.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று மலைப் பள்ளத்தாக்குகள் 1291இல் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கையைத்தான் நாட்டின் பிறப்பாக ஆகஸ்ட் 1ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். 1847இல் கத்தோலிக்க மாநிலங்களுக்கும் மற்றவற்றுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு மாதத்துக்குள் முடிந்தது, இறந்தவர்கள் நூறு பேர் அளவில்தான். அடுத்த ஆண்டே, 1848இல், எழுதிய அரசியலமைப்பு எந்த ஒருவர் கையிலும் அதிகாரம் குவியாதபடி பார்த்துக்கொண்டது. இன்றும் ஏழு பேர் கொண்ட குழுதான் நாட்டை நடத்துகிறது. அவர்களில் ஒருவர் ஓராண்டுக்குத் தலைவராக இருப்பார், அடுத்த ஆண்டு வேறொருவர்.

புதிதாக வந்தவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஜூரிக்கில் இருபது ஆண்டுகளாக வாழும் சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரியாக இருக்கும், லொசானில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் உங்கள் கெமைண்டேயின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பதிவு: 14 நாட்கள்

வந்த 14 நாட்களுக்குள், வேலையில் சேர்வதற்கு முன்பாகவே, கெமைண்டே அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது அனுமதிக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் பத்திரங்களும் கையில் இருக்கட்டும். பின்னர் வரும் அட்டையில் ஓர் எழுத்து இருக்கும். குறுகிய காலத் தங்கலுக்கு எல், ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க பி, நிலையான வதிவிடத்துக்கு சி. புகலிடம் கோரியவர்களுக்கு என் (N), தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களுக்கு எஃப்.

நம் பெயர்கள் இங்கே கொஞ்சம் சிக்கலாகும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அப்பா பெயரோ இனிஷியலோ மட்டும் உள்ள நமக்கு, ஒரே வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் பதிவாகிவிடும். அது குற்றமல்ல. ஆனால் அனுமதி அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் வங்கி, காப்பீடு, பள்ளி, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் போகும். எனவே அங்கே என்ன அச்சாகிறது என்று பார்த்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த நாட்டில் முக்கியமான எல்லாமே கடிதமாகத்தான் வரும்.

பதிவின்போது உங்கள் மதம் என்ன என்றும் கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கத்தோலிக்கர் அல்லது சீர்திருத்தத் திருச்சபையினர் என்று பதிவு செய்தவர்களிடம் திருச்சபை வரி வசூலிக்கப்படும், அதற்காகத்தான் இந்தக் கேள்வி. இந்து, முஸ்லிம் என்று பதிந்தவர்களுக்கு அந்த வரி இல்லை. நம்மில் கத்தோலிக்கர்கள் வரி கட்டுவதா, எழுத்து மூலம் விலகுவதா என்று குடும்பமாக யோசித்து முடிவெடுக்கலாம்.

குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு காலக்கெடுவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். 12 வயதைத் தாண்டிய பிள்ளையாக இருந்தால் ஓராண்டுதான். பிள்ளை பத்தாம் வகுப்பை ஊரில் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும்.

மருத்துவக் காப்பீடு: மூன்று மாதங்கள்

அடிப்படை மருத்துவக் காப்பீடு கட்டாயம். மூன்று மாதங்களுக்குள் சேரவேண்டும், ஆனால் பிரீமியம் வந்து இறங்கிய நாளிலிருந்தே கணக்காகும். அதனால் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கமுடியாது. மூன்று மாதம் கடந்தும் சேராவிட்டால் கூடுதல் கட்டணம் சேரும், இடைப்பட்ட நோய்ச் செலவும் உங்கள் தலையில் விழும். நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். அரசே ஒரே காப்பீட்டு நிறுவனமாக நடத்தலாமா என்று 2007இலும் 2014இலும் மக்களிடம் கேட்டார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள்.

முகவர்கள் எத்தனை பேர் வந்து பேசினாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் என்னென்ன சிகிச்சை அடங்கும் என்பதைச் சட்டம் நிர்ணயிக்கிறது, எல்லா நிறுவனத்திலும் அது ஒன்றேதான். உங்கள் வயது, நோய் எதுவானாலும் உங்களை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. எனவே விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரிம்இன்ஃபோ என்ற அரசின் ஒப்பீட்டுத் தளம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 300 ஃபிராங்கிலிருந்து 2,500 ஃபிராங்க் வரை ஒரு தொகையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த அளவு வரை வைத்தியச் செலவு உங்களுடையது. அதற்கு மேல் பத்து சதவீதம், ஆண்டுக்கு 700 ஃபிராங்க் வரை. தொகை கூடினால் பிரீமியம் குறையும், அதனால் ஆரோக்கியமான இளைஞருக்கு 2,500 லாபம். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவருக்கு 300தான் நல்லது. வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்தால் விபத்துக் காப்பீட்டை அவர் பார்த்துக்கொள்வார், அதை உங்கள் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டால் பிரீமியம் குறையும். கர்ப்பத்தின் 13ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் வரை பெண்ணிடம் இந்தச் செலவுப் பங்கு எதையும் வாங்கக்கூடாது. பல் வைத்தியம் இதில் சேராது. வருமானம் குறைவாக இருந்தால் மாநிலம் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் தரும். பல மாநிலங்களில் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், கேட்க வெட்கப்படாதீர்கள்.

வீடு

விளம்பரத்தில் மூன்றரை அறை என்று போட்டிருக்கும். படுக்கையறை இரண்டு, வரவேற்பறை ஒன்று, சாப்பாட்டு மேசை போடும் அளவுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஒரே வீட்டுக்குப் பலர் வரிசையில் நிற்பார்கள். விண்ணப்பத்தோடு, உங்கள்மீது கடன் வசூல் நடவடிக்கை உண்டா என்று காட்டும் கடன் வசூல் அலுவலகத்தின் பதிவேட்டு நகல் ஒன்றைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. அதனால் வேலை ஒப்பந்தத்தையும், முடிந்தால் முதலாளியின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அது வீட்டுக்காரரின் கைக்குப் போகாது, உங்கள் பெயரில் வங்கியில் முடக்கி வைக்கப்படும். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு கீறலையும், உடைந்த தரை ஓட்டையும், சுவரின் கறையையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படமும் எடுங்கள். காலி செய்யும் நாளில் அடுப்பின் அடிப்பகுதி வரை விரல் வைத்துப் பார்ப்பார்கள். தாளிக்கும் சமையல் நம்முடையது, சுவரும் புகைபோக்கி வடிகட்டியும் எண்ணெய் பிடிக்கும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். வீட்டுக்காரர்களும் வாடகைதாரர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஆயுள் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன்படி சுவர்ப் பூச்சுக்கு ஆயுள் எட்டு ஆண்டு. பூசி எட்டாண்டு கடந்திருந்தால், சாதாரணமாகப் பழசானதற்குப் புதுப்பூச்சுக் காசை உங்களிடம் கேட்கமுடியாது. வாடகைத் தகராறு எதுவானாலும் அந்தந்தப் பகுதியின் சமரச வாரியம் கட்டணமில்லாமல் விசாரிக்கும். வக்கீல் தேவையில்லை.

அடுத்தது அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை அறை. பழைய கட்டடங்களில் பத்து வீட்டுக்கு ஓர் இயந்திரம்தான். உங்களுக்கென்று ஒரு நாள் எழுதப்பட்டிருக்கும், அல்லது தாளில் நீங்களே பெயர் எழுதவேண்டும். உங்கள் நேரம் முடிவதற்குள் துணிகளை எடுத்து, வடிகட்டியில் சேர்ந்த பஞ்சைக் களைந்து, இயந்திரத்தின் ரப்பர் வளையம் வரை துடைத்துவிட்டு, சாவியை அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வந்தால் அது பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பல கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமை துவைக்கக்கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் காலை வரை அமைதி, பல ஊர்களில் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரையும் அமைதி. ஞாயிறன்று சுவரில் ஆணி அடிப்பது, புல் வெட்டுவது எதுவும் வேண்டாம். பிள்ளையின் பிறந்த நாளுக்கு உறவுகள் கூடும் என்றால் இரண்டு நாள் முன்னதாகப் படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் எல்லாரும் பொறுத்துக்கொள்வார்கள்.

நம் ஊர் வழக்கத்துக்கு எதிராக, இங்கே புதிதாக வந்தவர்தான் மற்றவர்கள் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ளவேண்டும். அவர்கள் வரவில்லையே என்று காத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டியதுதான். நான்கு வடையோ ஒரு தட்டு கேசரியோ எடுத்துக்கொண்டு போங்கள். படிக்கட்டில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்லாமல் கடக்காதீர்கள். ஜூரிக்கில் குரூட்ஸி, பெர்னில் குரூஸெக். மலைப் பாதையில் நடக்கும்போது முன்பின் தெரியாதவருக்கும் சொல்லவேண்டும்.

குப்பைக்கு அந்த ஊருக்கென்று அச்சடித்த பைதான். கடையில் கல்லாவில் கேட்டு வாங்கவேண்டும். 35 லிட்டர் பை ஒன்றுக்கு இரண்டு ஃபிராங்க் அளவில் வரும், அந்த விலையிலேயே குப்பை வரி அடக்கம். ஜூரிக்கில் அது வெள்ளைப் பை. ஜெனீவாவில் இந்த முறை இல்லை. சாதாரணப் பையில் போட்டுத் தெருவில் வைத்தால் அதைப் பிரித்து உள்ளே இருக்கும் கடித உறையைப் பார்த்து அபராதம் அனுப்புவார்கள். கண்ணாடிப் போத்தல்களை நிறவாரியாகப் பிரித்துப் பொதுத் தொட்டியில் போடவேண்டும், சத்தம் வரும் என்பதால் ஞாயிறன்று போடக்கூடாது. பழைய தாள்களை நூலால் கட்டி, அட்டவணையில் உள்ள நாளில் வைக்கவேண்டும். அட்டவணை கெமைண்டேயிலிருந்து வரும், சமையலறையில் ஒட்டிவையுங்கள்.

கடன் வசூல் உத்தரவு வந்தால் பத்து நாள்

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் யார் வேண்டுமானாலும் யார்மீதும், எந்த ஆதாரமும் காட்டாமல், கடன் வசூல் நடவடிக்கை தொடங்கலாம். பெட்ரைபுங் என்பார்கள். அலுவலகம் அந்தக் கடன் உண்மையா என்று விசாரிக்காது, உத்தரவை அப்படியே உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடும். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பத்து நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கவேண்டும். அதற்கு ரெக்ட்ஸ்ஃபோர்ஷ்லாக் என்று பெயர். உத்தரவைக் கொண்டுவந்தவரிடமே வாயால் சொல்லலாம், அவர் அதிலேயே குறித்துக்கொள்வார். காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அதன் பிறகு ஆதாரத்தோடு சட்டவழியில் அடுத்த அடி எடுத்துவைக்கவேண்டியது கேட்டவரின் பொறுப்பு.

மொழி புரியவில்லை, நாம் யாருக்கும் கடன்படவில்லையே என்று அந்தத் தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால், பத்து நாள் கெடு போய்விடும், நடவடிக்கை தொடரும். சம்பளத்தைப் பிடிக்கும் வரை போகும். பதிவு ஐந்தாண்டுகள் மற்றவர் கண்ணில் படும், அத்தனை காலமும் வீடு கிடைப்பது கடினம். நியாயமில்லாமல் ஒருவர் உங்கள்மீது தொடுத்துவிட்டு அடுத்த அடி எடுத்துவைக்கவில்லை என்றால், மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவை மூன்றாம் மனிதர்களுக்குக் காட்டவேண்டாம் என்று கேட்கலாம். 2019 முதல் இந்த வழி இருக்கிறது.

மொழி தெரியாத நாளில் வரும் எந்தக் கடிதத்தையும் அன்றே யாரிடமாவது காட்டுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணச் சீட்டு ஒன்று வரும். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாவிட்டாலும் கட்டவேண்டும். 2021இல் அது ஆண்டுக்கு 335 ஃபிராங்காகக் குறைக்கப்பட்டது. 2018இல் இந்தக் கட்டணமே வேண்டாம் என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தபோது பத்தில் ஏழு பேர் கட்டணம் இருக்கட்டும் என்றார்கள்.

கட்டடத்தின் அடியில் கான்கிரீட் கதவு

சலவை அறைக்குப் பக்கத்தில் ஓர் அடி அளவு தடிமனான கான்கிரீட் கதவைப் பார்ப்பீர்கள். அது அணுகுண்டுப் பதுங்கறை. பனிப்போர் காலத்தில், 1960களில் வந்த சட்டத்தின்படி, மக்கள் ஒவ்வொருவருக்கும் பதுங்கறையில் ஓர் இடம் இருக்கவேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழ 90 லட்சம் இடங்கள் இருக்கின்றன. லுசேர்ன் நகரில் 1976இல் திறந்த சோனன்பெர்க் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை 20,000 பேர் தங்கும் பதுங்கிடமாக மாற்றும்படி கட்டினார்கள். உங்கள் கட்டடத்தின் அறையில் இப்போது மிதிவண்டியும் பனிச்சறுக்குக் கட்டையும் கிடக்கும். நீங்களும் பொருள் வைக்கலாம், ஆணை வந்தால் சில நாட்களுக்குள் காலி செய்யும்படி வைத்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் 1.30 மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஏறி இறங்கும் ஒலி ஒரு நிமிடம் கேட்கும். இலங்கைப் போரைப் பார்த்தவர்கள், ஷெல் விழுந்த நினைவோடு வாழும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முந்தைய நாளே சொல்லிவையுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிலும் ஞாயிறு இரவிலும் ரயிலில் சீருடை அணிந்த இளைஞர்கள் தோளில் துப்பாக்கியோடு ஏறுவார்கள். ராணுவப் பயிற்சிக்குப் போய் வருபவர்கள் அவர்கள். இந்த நாட்டில் ஆண்களுக்குப் படைச்சேவை கட்டாயம், ஆயுதத்தை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். போரிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அந்தக் காட்சி நெஞ்சை உலுக்கும், காரணம் தெரிந்தால் கொஞ்சமாவது தாங்கலாம்.

அந்த பிப்ரவரி நாளைத் தவிர வேறு நாளில் சங்கு ஒலித்தால் வானொலியைப் போடுங்கள், அலர்ட்ஸ்விஸ் என்ற செயலியைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீரும் ஒரு வாரத்துக்கான உணவும் இருக்கட்டும் என்பது அரசின் பரிந்துரை. அரிசி, பருப்பு மூட்டையோடு வாழும் நமக்கு உணவுப் பகுதி எளிது. அணுமின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் அயோடின் மாத்திரைப் பெட்டி ஒன்றும் கிடைக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மருந்துப் பெட்டியில் வையுங்கள்.

ரயிலும் சாலையும்

முதல் வாரத்திலேயே ஹால்ப்டாக்ஸ் அட்டை வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு 190 ஃபிராங்க் அளவில் ஆகும், அநேகமாக எல்லா ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம். 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைக்கு 30 ஃபிராங்கில் ஓராண்டு அட்டை உண்டு, பெற்றோரோடு பயணம் செய்யும்போது தனிச்சீட்டு வேண்டாம். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. வண்டி புறப்படுவதற்கு முன்பே சீட்டு உங்கள் கைபேசியில் இருக்கவேண்டும். உட்கார்ந்த பிறகு வாங்கினால் சீட்டில்லாப் பயணம்தான். பெயர் நாடு தழுவிய பதிவேட்டில் ஏறும், அடுத்த முறை அபராதம் கூடும்.

இந்த ரயில் அமைப்பின் அழகைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1982இல் நாடு முழுவதும் ஒரே இடைவெளியில் வண்டிகள் ஓடும் அட்டவணை வந்தது. 1987 டிசம்பரில் ரயில் 2000 என்ற திட்டத்துக்கு மக்கள் வாக்களித்துச் சம்மதம் கொடுத்தார்கள். திட்டத்தின் கரு என்னவென்றால், பெரிய நிலையங்களுக்கு எல்லாத் திசை வண்டிகளும் முழு மணிக்கோ அரை மணிக்கோ சற்று முன்பாக வந்துசேரும், பயணிகள் மாறிக்கொள்வார்கள், சில நிமிடத்தில் எல்லாம் புறப்படும். அதற்கு ஜூரிக்கிலிருந்து பெர்னுக்கு ஒரு மணிக்குள் போயாகவேண்டும். புதுப்பாதை போட்டு 2004 டிசம்பரில் 56 நிமிடமாக்கினார்கள். இரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஏன் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது இப்போது புரியும், ஒரு வண்டி பிந்தினால் நான்கு திசை இணைப்பு அறுந்துபோகும். நடைமேடைக் கடிகாரத்தைப் பாருங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. சிவப்பு நொடிமுள் 58 நொடி சொச்சத்தில் ஒரு சுற்று முடித்து உச்சியில் கொஞ்சம் நிற்கும். மைய நிலையத்திலிருந்து வரும் மின்துடிப்பு நிமிடமுள்ளை நகர்த்திய பிறகுதான் மறுபடி ஓடும். அதனால் நாட்டின் எல்லா நடைமேடைகளிலும் நிமிடம் ஒரே கணத்தில் மாறுகிறது.

கார் ஓட்டுபவர்களுக்குச் சுருக்கமாக. இந்திய, இலங்கை உரிமத்தை 12 மாதங்களுக்குள் மாற்றவேண்டும், அதற்கு ஒரு பரிசோதனை ஓட்டம் உண்டு. அதில் தவறினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்கவேண்டும். எனவே இரண்டு மூன்று வகுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். நெடுஞ்சாலைக்கு ஆண்டுக்கு 40 ஃபிராங்க் முத்திரைச்சீட்டு வேண்டும்.

பிள்ளைகள்

நான்கு வயதிலேயே மழலையர் பள்ளி பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம். சில வாரம் கூடவே போய் வழியைப் பழக்கியபின் பிள்ளையைத் தனியாக நடக்கவிடும்படி ஆசிரியர் சொல்வார். கழுத்தில் ஒளிரும் முக்கோணப் பட்டை கொடுப்பார்கள். காரில் கொண்டுபோய் விடுவதை விரும்பமாட்டார்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் பள்ளிக்குப் போகும் வழியும் படிப்பின் ஒரு பகுதி என்று இங்கே நினைக்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. விடுமுறைக்கு முந்தைய வாரம் விமானச்சீட்டு மலிவு என்று பிள்ளையைச் சொல்லாமல் கூட்டிப்போனால் அபராதம் வரும். ஜூரிக் மாநிலத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் காரணம் சொல்லாமல் விடுப்பு எடுக்கலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அதை வைத்துக்கொள்ளலாம்.

நம் பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் கிம்னாசியும் என்ற பள்ளிக்குப் போகவில்லை, லேரே என்ற தொழிற்பயிற்சிக்குப் போகிறது என்றால் அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். இந்த நாட்டு இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வழியில்தான் போகிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. வாரத்தில் ஓரிரு நாள் வகுப்பு, மற்ற நாள் நிறுவனத்தில் வேலை, மாதச் சம்பளம். மூன்று நான்கு ஆண்டில் நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ். பெரூஃப்ஸ்மட்டூரா தேர்வையும் சேர்த்து முடித்தால் தொழில்சார் பல்கலைக்கழகம் போகலாம், இன்னொரு தேர்வு எழுதினால் 1855இல் தொடங்கிய ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கே போகலாம். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மொட்டி, லுகானோவில் ஒரு வங்கியில் பயிற்சியாளராகச் சேர்ந்துதான் தொடங்கினார். எட்டாம் வகுப்பு வாக்கில் சில நாட்கள் நிறுவனங்களில் போய் வேலை பார்த்துவரும் ஏற்பாடு உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுத பிள்ளைக்கு உதவுங்கள், இடம் கிடைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கோடையில் பெர்னில் ஆரே ஆற்றிலும் பாசலில் ரைன் ஆற்றிலும் மக்கள் மிதந்துபோவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படும். பனி உருகிய நீர், வேகமும் குளிரும் கரையிலிருந்து தெரியாது. நீச்சல் வகுப்பு முடித்தபின், இடம் தெரிந்தவரோடு மட்டும். அவசர எண்களைக் கைபேசியில் இன்றே பதியுங்கள்: காவல் 117, தீயணைப்பு 118, ஆம்புலன்ஸ் 144, மீட்பு ஹெலிகாப்டர் 1414.

வாக்குச்சீட்டும் குடியுரிமையும்

ஆண்டுக்குப் பொதுவாக நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்கெடுப்பு நடக்கும். ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால் அரசியலமைப்பில் மாற்றம் கேட்டு வாக்கெடுப்பு நடத்த வைக்கலாம், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்க்க 50,000 போதும். 2012இல் எல்லாருக்கும் ஆறு வாரச் சம்பள விடுமுறை வேண்டுமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 2024 மார்ச்சில் முதியோருக்கு ஆண்டுக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். கடையில்கூட இந்தப் பழக்கம் உண்டு. 1925இல் கொட்லீப் டுட்வைலர் ஐந்து லாரிகளில் காப்பி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என ஆறு பொருளை வைத்துத் தொடங்கிய மிக்ரோஸ் இன்று கூட்டுறவு நிறுவனம். மது விற்கலாமா என்று 2022இல் உறுப்பினர்களிடம் கேட்டது, பத்து வட்டாரங்களும் மறுத்துவிட்டன.

இத்தனை பழைய மக்களாட்சியில் பெண்களுக்கு மத்திய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான், ஏனென்றால் முடிவெடுத்தது வாக்குரிமை வைத்திருந்த ஆண்கள். 1959இல் மறுத்திருந்தார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் மாநில விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க முடிந்தது. அந்த மாநிலத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறும், கிளாருஸில் மே முதல் ஞாயிறும் மக்கள் திறந்தவெளியில் கூடிக் கையைத் தூக்கி வாக்களிக்கிறார்கள். ஓரமாக நின்று பார்க்கலாம், ஒருமுறை போய்வாருங்கள். வெளிநாட்டவருக்கு நியூஷாடெல், ஜூரா மாநிலங்களில் சில நிபந்தனைகளோடு மாநில வாக்குரிமையும் உண்டு. மற்ற இடங்களிலும் மனு எழுதும் உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் அரசு அச்சிடும் விளக்கக் கையேட்டை இணையத்தில் எடுத்துப் படியுங்கள். ஜெர்மன் கற்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை.

1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிய தலைமுறைதான் நமக்கு இங்கே வழி போட்டது. பெர்னில் 2014 டிசம்பரில் திறந்த மதங்களின் இல்லத்தில் அவர்கள் எழுப்பிய சிவன் கோயில் இருக்கிறது, தமிழில் பூசை நடக்கிறது. மரியாஷ்டைன், ஐன்சிடெல்ன் மாதா ஆலயங்களுக்கு நம்மில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் போகிறார்கள். அங்கெல்லாம் போனால் வேலை, வீடு, கடிதம் மொழிபெயர்ப்பு எதற்கும் உதவ ஆள் கிடைப்பார்கள்.

கடைசியாகக் குடியுரிமை. நாட்டில் பத்தாண்டு வாழ்ந்திருக்கவேண்டும், சி அனுமதி வேண்டும். 8 வயதிலிருந்து 18 வரை இங்கே கழித்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்காகும், ஆனால் உண்மையில் ஆறாண்டாவது இருந்திருக்கவேண்டும். எஃப் அனுமதியில் இருந்த காலம் பாதியாகக் கணக்கில் வரும், என் (N) அனுமதிக் காலம் வராது. கெமைண்டே உங்களை அழைத்துப் பேசும். ஊரின் பெயர்கள், சங்கங்கள், பக்கத்து மலை, அரசமைப்பு எல்லாம் கேட்பார்கள். லுசேர்ன் மாநிலத்தின் எம்மன் ஊரில் விண்ணப்பித்தவர்களை ஊர் மக்கள் வாக்குச்சீட்டில் ஏற்பதும் மறுப்பதுமாக இருந்தார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். கடன் பதிவேட்டில் பெயர் இருந்தாலோ, கடந்த மூன்றாண்டில் சமூக உதவிப் பணம் வாங்கித் திருப்பிக் கட்டாமல் இருந்தாலோ விண்ணப்பம் நிற்கும். பத்தாண்டுக் கணக்கோடு, ஒரே மாநிலத்தில் இரண்டிலிருந்து ஐந்தாண்டு வரை தொடர்ந்து இருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு, எத்தனை ஆண்டு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எட்டாவது ஒன்பதாவது ஆண்டில் வாடகை குறைவு என்று எல்லை தாண்டி வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு கெமைண்டேக்களையும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.